2,200 பவுண்டு கார், 21,000 பவுண்டு பில்: பழைய எம்ஜிபி ஜிடியை வீட்டிலேயே ரெடி பண்ணா கணக்கு எங்கே உதைக்குது?



போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்துச்சு. அனுப்பினவர் இங்கிலாந்துல ஸ்விண்டன் பக்கத்துல வேலை பார்க்கிற ஒரு தம்பி. வயசு 29. ஐ.டி. வேலை, வாடகை வீடு. கையில 9,000 பவுண்டு சேமிப்பு. வாடகை, சாப்பாடு, ஊருக்கு அம்மாவுக்கு அனுப்புறது எல்லாம் போக மாசம் 700 பவுண்டு மிஞ்சுது. மெயிலோட சாரம் இவ்வளவுதான்:

"அண்ணா, 1972 மாடல் எம்ஜிபி ஜிடி ஒண்ணு 2,200 பவுண்டுக்கு வருது. இப்போ ஓடாது. வீட்டிலேயே வச்சு ரெடி பண்ணி வித்தா 9,500 போகும். செலவெல்லாம் போக 2,300 நிக்கும். இதை முதலீடுன்னு சொல்லலாமா?"

கூடவே ஒரு எக்செல் ஷீட். கார் 2,200, பார்ட்ஸ் 3,000, பெயின்ட் 1,500, இதர செலவு 500. ஆக மொத்தம் 7,200. அழகா கலர் எல்லாம் போட்டிருந்தார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. அந்தப் பழமொழி உருவான காலத்துல வெல்டிங் மெஷின் இல்லை. இருந்திருந்தா பழைய காரைப் பிரிச்சுப் பார்னு மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கும்.

நான் அவருக்கு எழுதின பதிலைத்தான் கொஞ்சம் விரிவா இங்க தர்றேன். உங்கள்ல நிறைய பேர் இங்கிலாந்துல இல்லை, எம்ஜிபி வாங்கப் போறதும் இல்லை, தெரியும். ஆனா ஆர்எக்ஸ் 100-ஐ ரெடி பண்ணலாமான்னு கேக்குறவங்க வாரம் ரெண்டு பேராவது வர்றாங்க. கணக்கு போடுற முறை ஒண்ணுதான். இன்னொரு விஷயம்: கீழே வர்ற பவுண்டை எல்லாம் ரூபாய்க்கு மாத்திப் பார்த்து மலைக்காதீங்க. அவர் பவுண்டுல சம்பாதிச்சு பவுண்டுல செலவு பண்றவர். அவரோட 700 பவுண்டு மிச்சத்தோடதான் இதை ஒப்பிடணும்.

முதல்ல, இது என்ன கார்?

எம்ஜிபி 1962-ல வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முதல்ல திறந்த மாடல் மட்டும்தான். 1965-ல அதுக்கு நிரந்தரக் கூரையும் பின்னாடி தூக்குற கதவும் வச்சு ஜிடின்னு கூபே ஆக்கினாங்க. அந்தக் கூரையோட வடிவத்துல இத்தாலியோட பினின்ஃபரினாவுக்குப் பங்கு உண்டு. அதனாலதான் இன்னிக்கும் பார்க்கிறதுக்கு அவ்வளவு லட்சணம். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல அபிங்டன் தொழிற்சாலையில 1980 வரைக்கும் தயாரானது. திறந்த மாடலையும் சேர்த்தா 5 லட்சத்துக்கு மேல. ஜிடி மட்டும் சுமார் 1.25 லட்சம்.

1,798 சிசி, நாலு சிலிண்டர், ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பானட்டைத் தூக்கினா எது எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். வீட்டுல வேலை கத்துக்க இதைவிட நல்ல கார் ஐரோப்பாவுல ரொம்பக் குறைவு. பார்ட்ஸும் கிடைக்கும். வெறும் வாஷர்ல இருந்து முழு பாடி வரைக்கும் புதுசாவே வாங்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988-ல இருந்து பழைய அச்சுகளை வச்சே புது பாடி தயாரிக்குது. (முழு பாடியோட விலை பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். அது நம்ம தம்பிக்கு இல்லை.)

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. நிறைய தயாரான கார், பார்ட்ஸ் தாராளம், வேலை சுலபம். கார் பைத்தியத்துக்கு இது மூணும் வரம். லாபம் பார்க்க நினைக்கிறவருக்கு மூணுமே பாதகம். எல்லாரும் ரெடி பண்ண முடியுற காருக்கு விலை ஏறாது. அதுலயும் ஜிடிக்கு ஒரு கூடுதல் சோகம் உண்டு. ஒரே கண்டிஷன்ல இருக்கிற திறந்த மாடலைவிட ஜிடிக்குப் பொதுவா விலை கம்மி. வீட்டுக்குக் கூரை போட்டா விலை கூடும். இந்தக் காருக்குக் கூரை இருக்கிறதாலயே விலை குறையுது! ஆனா ரெடி பண்ற செலவு மட்டும் குறையாது. தகடும் கண்ணாடியும் ஜிடியில இன்னும் கொஞ்சம் அதிகம்தான்.

"அப்போ ஜாகுவார் ஈ-டைப் கூபே, பழைய போர்ஷே 911 எல்லாம் லாபமா?"ன்னு கேட்டா, அங்கே துருப்பிடிச்ச காருக்கே பெரிய விலை சொல்றாங்க. லாபம் வர வாய்ப்பிருக்குன்னு தெரிஞ்சா விக்கிறவர் அதை முதல்லயே விலையில சேர்த்துடுவார். அவரும் எக்செல் வச்சிருப்பார் இல்லையா?

என்ஜினைப் பார்த்து ஏமாறாதீங்க

பழைய கார் பார்க்கப் போனா எல்லாரும் முதல்ல கேக்குறது "ஸ்டார்ட் ஆகுமா?" தம்பியும் அதைத்தான் கேட்டிருக்கார். "என்ஜின் ஓடலை, அதான் விலை கம்மி, என்ஜினைச் சரி பண்ணா போதும்"னு விக்கிறவர் சொல்லியிருக்கார்.

உண்மையில அந்தக் கார்ல ரொம்ப மலிவா முடியுற வேலை என்ஜின்தான். பணத்தை முழுங்குறது பாடி. ஏன்னு கொஞ்சம் விளக்கமா பார்ப்போம், ஏன்னா மொத்தக் கணக்கும் இங்கதான் கவிழுது.

அம்பாசடர் மாதிரி இதுவும் மோனோகாக் பாடி. லாரி மாதிரி கீழே தனியா சேசிஸ் கிடையாது. தகடுகளைச் சேர்த்து வெல்டிங் பண்ண அந்தக் கூடுதான் காரோட எலும்பு. அதுல முக்கியமான எலும்பு சில். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல ஓடுற பெட்டி மாதிரியான பாகம். வெளியில இருந்து பார்த்தா ஒரே தகடா தெரியும். உள்ளே வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடுன்னு அடுக்கா இருக்கும், அடியில கோட்டைச் சுவர் மாதிரி மடிச்ச ஒரு நீளத் தகடு வேற. பனிக்காலத்துல இங்கிலாந்து ரோட்டுல உப்பு போடுவாங்க. அந்த உப்புத் தண்ணி முன் மட்கார்டு பின்னாடி சேறா தங்கி, சில்லுக்குள்ள இறங்கி, உள்ளே இருந்தே தின்னும். வெளியில குமிழ் மாதிரி பெயின்ட் எழும்பறப்போ உள்ளே பாதி போயிருக்கும்.

அப்புறம் சிலர் செய்யுற வேலை என்னன்னா, துருப்பிடிச்ச சில்லை வெட்டாம, அது மேலயே ஒரு புதுத் தகட்டை வச்சு மூடி, பட்டி போட்டு, பெயின்ட் அடிச்சுடுவாங்க. பளபளன்னு இருக்கும். புண்ணு மேல பட்டுத்துணி போர்த்தின மாதிரி. அதை வாங்குறவர் திரும்ப எல்லாத்தையும் வெட்டி எடுக்கணும்.

கண்டுபிடிக்க என்ன வழி? ஒரு சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. இரும்புத் தகட்டுல ஒட்டும், பட்டியில ஒட்டாது. சில்லோட முழு நீளம், முன் மட்கார்டோட அடிப்பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மூலை, இங்கெல்லாம் ஓட்டிப் பாருங்க. கதவைத் திறந்து மூடுங்க. கதவோட மேல் பக்க இடைவெளியும் கீழ் பக்க இடைவெளியும் ஒரே மாதிரி இல்லைன்னா, கதவைத் தூக்கித் தூக்கி மூட வேண்டியிருந்தா, கூடு தொங்கிடுச்சுன்னு அர்த்தம். சீட்டுக்குப் பின்னாடி பேட்டரி வைக்கிற பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பாருங்க. 1972 மாடல்ல ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். ஆசிட் சிந்திச் சிந்தி அந்த இடம் அரிச்சிருக்கும். கடைசியா கார் அடியில படுத்து, பின் ஸ்பிரிங் பாடியோட சேருற இடத்தைப் பாருங்க. அது போயிருந்தா நமக்கு அந்தக் கார் வேண்டாம், வந்த வழியே திரும்பிடுங்க.

இதைச் சொன்னதும் தம்பி, "பழைய சில்லை வெட்டிட்டுப் புதுசு வச்சு வெல்டிங் பண்ணா முடிஞ்சது, யூடியூப்ல பார்த்தேன்"னாரு. வெட்டலாம். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டினா கார் நடுவுல வளைஞ்சுடும். ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் அடுத்த பக்கம். கதவுத் திறப்புக்குக் குறுக்கே இரும்பு முட்டு கொடுத்து, கதவை அடிக்கடி மாட்டிப் பார்த்து, இடைவெளி சரியா இருக்கான்னு அளந்து அளந்து வெல்டிங் பண்ணணும். வெல்டிங் முழுசா முடிச்சிட்டுக் கதவை மாட்டிப் பார்த்து, "அண்ணா, மூட மாட்டேங்குது"ன்னு சொன்னா, திரும்ப முதல்ல இருந்துதான்.

இப்போ நிஜ ஷீட்

இது என்னோட மதிப்பீடு. விலை கடைக்குக் கடை மாறும், உங்க கைத்திறமையைப் பொறுத்தும் மாறும். ஆனா எந்தெந்த வரி தம்பியோட ஷீட்ல இல்லவே இல்லைங்கிறதைப் பாருங்க.

கார் 2,200. ஓடாத காரை டிரெய்லர்ல ஏத்திட்டு வர 200. வெல்டிங் மெஷின், கேஸ், ஹெல்மெட், கிரைண்டர், ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் எல்லாம் சேர்த்து 1,500. (இந்தக் கார்ல பெரும்பாலும் இஞ்ச் அளவு நட்டு போல்ட்டுதான். வீட்டுல இருக்கிற மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் சரியா உட்காராது. இதையும் அவர் யோசிக்கலை.) ரெண்டு பக்க சில், தரைத்தகடு, முன் மட்கார்டு ரெண்டு, மத்த தகடுகள் 2,400. பெயின்ட் ஷாப்ல பெயின்ட் 4,000. என்ஜின் போரிங், கிராங்க், ஹெட் வேலை 1,500. பிரேக், சஸ்பென்ஷன், புஷ் 1,100. சீட், கார்பெட், ரப்பர் பீடிங், கண்ணாடி 1,400. பம்பர், குரோம் 700. வயரிங் 450. டயர் 350.

இதுவரைக்கும் 15,800.

அடுத்து இடம். வாடகை வீட்டுல ஒரு சின்ன கராஜ் இருக்கு. ஆனா வெல்டிங் பண்ண வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். ஒத்துக்கிட்டாலும் வீட்டு இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லியாகணும். கார் 1.5 மீட்டர் அகலம்தான், உள்ளே நுழையும். ஆனா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு பக்கத்துல உட்கார்ந்து வேலை செய்ய இடம் இருக்காது. ஆக வெளியில ஒரு ஷெட். மாசம் 90 பவுண்டுன்னு வச்சாலும் 36 மாசத்துக்கு 3,240.

அப்புறம் எதிர்பாராத செலவு. வீடு கட்டினவங்களைக் கேட்டுப் பாருங்க, என்ஜினியர் சொன்ன தொகையில யாராவது முடிச்சாங்களான்னு. பார்ட்ஸ், வேலை ரெண்டும் சேர்ந்து 11,900. அதுல 20 சதவீதம் 2,380.

மொத்தம் 21,420 பவுண்டு.

வித்தா 9,500. டூல்ஸை வித்தா ஒரு 700. நஷ்டம் 11,220. 36 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 312.

இங்க ஒரு நுட்பம் இருக்கு, பலரும் கோட்டை விடுறது இதைத்தான். நஷ்டம் மாசம் 312. ஆனா பாக்கெட்ல இருந்து போறது அது இல்லை. விக்கிற வரைக்கும் ஒரு பைசா திரும்பி வராது. 21,420-ஐ 36-ஆல வகுத்தா மாசம் 595. மிஞ்சுறதே 700! மிச்சம் 105 பவுண்டுல மூணு வருஷம் ஓட்டணும். நடுவுல ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வந்தா, அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன்னா, கார் வேலை நிக்கும். பாதியில நின்ன காரோட கதை என்னன்னா, பிரிச்சுப் போட்டு டப்பா டப்பாவா கிடக்கிற கார், வாங்கினப்போ இருந்த விலைக்குக்கூடப் போகாது. முழுசா இருக்கிற துருப்பிடிச்ச காரை வாங்க ஆள் வரும். இன்னொருத்தர் பிரிச்ச காரைப் பொருத்தித் தர யாரும் ஆசைப்பட மாட்டாங்க, எந்த ஸ்க்ரூ எந்த டப்பாவுலன்னு பிரிச்சவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சரி அண்ணா, என் உழைப்புக்குக் காசு போடலையே?"ன்னு கேட்டார். போட வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் பார்த்து நிஜமாவே சம்பாதிக்க வாய்ப்பு இருந்து அதை விட்டா மட்டும்தான் அது செலவு. நெட்ஃபிளிக்ஸ் பார்க்கிற நேரத்துல ஸ்பேனர் பிடிச்சா நஷ்டம் ஒண்ணும் இல்லை. ஆனா லாபம்னு பேசினா வேற கதை. அவர் சொன்ன 2,300 லாபமே வந்தாலும், முழு வேலைக்கு ஆயிரம் மணி நேரம்னு வச்சா, மணிக்கு 2.30 பவுண்டு. அந்த ஊர்ல 2025 ஏப்ரல்ல நிர்ணயிச்ச குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21. ஆயிரம் மணி நேரம்னா, சனி ஞாயிறு சேர்த்து 8 மணி நேரம், வருஷத்துக்கு 42 வாரம்னு போனாலும் மூணு வருஷம்.

வரி பக்கம் நல்ல செய்தி இருக்கு, அதுல ஒரு முள்ளும் இருக்கு

பிரிட்டன்ல சொந்த உபயோகத்துக்கான காரை வித்து லாபம் வந்தா மூலதன ஆதாய வரி கிடையாது. காரைத் தேய்ந்து போற சொத்துன்னு சட்டம் பார்க்குது. சிலர் இதையே பெரிய காரணமா சொல்லி கிளாசிக் காரை முதலீடுன்னு விக்கிறாங்க. ஆனா லாபத்துக்கு வரி இல்லைன்னா, நஷ்டத்தை வேற லாபத்தோட கழிக்கவும் முடியாது. நம்ம ஷீட்ல 11,220 நஷ்டம் இல்லையா, அது முழுக்க உங்க தலையிலதான். இன்னொண்ணு, லாபத்துக்குன்னே வரிசையா கார் வாங்கி ரெடி பண்ணி வித்தா அது வியாபாரம். அப்போ வருமான வரி வரும்.

40 வருஷம் தாண்டின கார்னா ரோடு டாக்ஸ் இல்லை. பெரிய மாற்றம் எதுவும் பண்ணாத காருக்கு, 2018 மே மாசத்துல இருந்து வருடாந்திர எம்ஓடி சோதனையும் கட்டாயம் இல்லை. ஆனா என்னைக் கேட்டா, கையால பிரேக் மாட்டின கார்ல ஏறுறதுக்கு முன்னாடி அதிகபட்சம் 54.85 பவுண்டு கட்டி அந்தச் சோதனையைப் பண்ணிடுங்க. அதுல மிச்சம் பிடிக்க வேண்டாம். கார் ரோட்டுக்கு வராத காலத்துக்கு சோர்ன்னு ஒரு அறிவிப்பு கொடுக்கணும், அது இலவசம். ஆனா கொடுத்துட்டா காரைப் பொது ரோட்டோரத்துல நிறுத்தக்கூடாது. இன்ஷூரன்ஸ் எடுத்தா, விலையை முன்னாடியே பேசி எழுதிக்கிற கிளாசிக் பாலிசி எடுங்க. நம்ம ஊர்ல ஐடிவி வருஷா வருஷம் இறங்குற மாதிரி இறங்கிட்டா, நீங்க போட்ட பணத்துக்கு அர்த்தம் இருக்காது.

இந்தப் பணம் வேற எங்க போயிருக்கும்?

எனக்கு உறுத்தினது இதுதான். தம்பிக்கு அங்கேயே முதல் வீடு வாங்கணும்னு ஆசை. லைஃப்டைம் ஐசா கணக்கு திறந்து வச்சிருக்கார், அதுல 1 பவுண்டு இருக்கு. இந்தக் கணக்குல வருஷத்துக்கு 4,000 பவுண்டு வரைக்கும் போட்டா அரசாங்கம் 25 சதவீதம் சேர்க்கும். அதாவது 1,000 பவுண்டு சும்மா. மூணு வருஷத்துக்கு 3,000. நஷ்டத் தொகை மாசம் 312-ஐ மட்டும் அதுல போட்டாலே, வருஷம் 3,744-க்கு 936 போனஸ். 21,420-னு நான் சொன்ன பில்லுல இந்தப் போனஸ் இழப்பு சேரவே இல்லை.

(ஒரு எச்சரிக்கை: முதல் வீட்டுக்கோ 60 வயசுக்கு அப்புறமோ இல்லாம நடுவுல எடுத்தா, எடுக்கிற தொகையில 25 சதவீதம் பிடிப்பாங்க. 4,000 போட்டு 5,000 ஆனதை எடுத்தா கைக்கு 3,750 தான். விசா முடிஞ்சு ஊருக்குத் திரும்பிடுவோம்னு சந்தேகம் இருக்கிறவங்க சாதாரண ஐசாவே பாருங்க.)

அப்போ ஆசையை மூட்டை கட்டிடணுமா?

நான் அப்படிச் சொல்லலை. மாசம் 312 பவுண்டு ஜிம், டூர், கேமரா, எதுக்கு வேணாலும் மனுஷன் செலவு பண்றான். அதை முதலீடுன்னு பேர் வச்சு எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காத வரைக்கும் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தம்பிகிட்ட ரெண்டு கேள்வி கேட்டேன். உனக்கு வெல்டிங் கத்துக்கணுமா, இல்லை அந்தக் காரை ஓட்டணுமா?

ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு: "ஓட்டணும் அண்ணா."

அப்படின்னா வழி வேற. பாடி நல்லா இருக்கிற, ஓடிட்டு இருக்கிற காரைக் கூடுதல் விலைக்கு வாங்குங்க. சீட் கிழிஞ்சிருக்கலாம், என்ஜின் ஆயில் கசியலாம், கடிகாரம் ஓடாம இருக்கலாம். எல்லாம் பரவாயில்லை. சில் கெட்டியா இருக்கணும், அவ்வளவுதான். கோடையில ஓட்டுங்க. பனிக்காலத்துல வண்டியை உள்ளே விட்டு, ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு பகுதியை மட்டும் பிரிங்க. முதல் வருஷம் பிரேக், அடுத்து சஸ்பென்ஷன், அடுத்து சீட் கார்பெட். வசந்த காலம் வந்தா கார் ரோட்டுல நிக்கணும். காரை ஒரே நேரத்துல முழுசா பிரிக்கவே கூடாது.

கணக்கு: கார் 6,500. மூணு பனிக்காலம், தலா 900, ஆக 2,700. இன்ஷூரன்ஸ் 600. மொத்தம் 9,800. மூணு வருஷம் கழிச்சு வித்தா பயந்து பயந்து 8,000 போட்டாலும் நஷ்டம் 1,800. மாசம் 50 பவுண்டு. ஷெட் வாடகை வேண்டாம், வெல்டிங் இல்லாததால வீட்டு கராஜே போதும். 2,200 காரைவிட 6,500 கார் மலிவு, பார்த்தீங்களா? முதல்ல சொன்ன விலை, ஏற்கனவே ஒருத்தர் நஷ்டப்பட்டு முடிச்ச வேலைக்கான விலையும் சேர்த்துத்தான். அவரோட நஷ்டத்தை நீங்க தள்ளுபடியில வாங்குறீங்க.

6,500 மொத்தமா எங்கிருந்து வரும்? கடன் வேண்டாம்னு சொல்லிட்டேன். 9,000-ல 6,000 எமர்ஜென்சிக்கு. மிச்சம் 3,000. லைஃப்டைம் ஐசாவுக்கு மாசம் 333 போக, மிஞ்சுற 367-ஐப் பத்து மாசம் சேர்த்தா 3,670. ரெண்டும் சேர்ந்தா 6,670. அவசரம் என்ன, 1972-ல இருந்து நிக்கிற கார், பத்து மாசத்துல ஓடியா போயிடும்?

வீட்டு வேலையில எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

என்ன செய்யலாம்: கார்புரேட்டர் கழட்டிச் சுத்தம் பண்றது, இக்னிஷன் பாயின்ட், கூலன்ட் ஹோஸ், சீட் உறை, கதவு ரப்பர், சஸ்பென்ஷன் புஷ். முன் சக்கரத்துக் கிங் பின்னுக்கு முறையா கிரீஸ் அடிக்கிறது இந்தக் காருக்கு ரொம்ப முக்கியம், கிரீஸ் கன் வாங்குற காசு எங்கேயோ போயிடாது. ஒவ்வொரு பார்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் போன்ல ஒரு போட்டோ, கழட்டினதும் ஜிப் கவர்ல போட்டு மேல பேர். இது சின்ன வேலையா தெரியும், ஆனா ஆறு மாசம் கழிச்சு உங்களைக் காப்பாத்துறது இதுதான்.

பெட்ரோல் விஷயம்: பிரிட்டன்ல ஈயம் கலந்த பெட்ரோலைச் சாதாரண பங்குகள்ல நிறுத்தினது 1999 கடைசியோட. பழைய சிலிண்டர் ஹெட்டுல கடினமான வால்வ் சீட் மாத்தியிருக்காங்களான்னு கேளுங்க. மாத்தினதுக்கு பில் இருந்தா விலையில கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். 2021 செப்டம்பர்ல இருந்து வழக்கமான பெட்ரோல் ஈ10. அதுல இருக்கிற எத்தனால் பழைய ரப்பர் குழாயை அரிக்கும். அதனால குழாயை மாத்திடுங்க, இல்லைன்னா ஈ5 சூப்பர் போடுங்க.

தொடக்கூடாதது: டூ-பேக் பெயின்ட். அதுல ஐசோசயனேட் இருக்கு. வெளியில இருந்து சுத்தமான காத்து வர்ற முகமூடி இல்லாம அதை அடிச்சா, நிரந்தரமா ஆஸ்துமா வரலாம். சாதாரண மாஸ்க் போதாது. தம்பி ஷீட்ல 1,500-னு போட்டிருந்தது, கராஜ்லயே தானே ஸ்ப்ரே பண்றதா நினைச்சுத்தான். பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்தடிச்சு தூசியைக் கிளப்பாதீங்க, ஈரத்துணியால துடைங்க. பெட்ரோல் டேங்க் கார்ல இருக்கும்போது பக்கத்துல வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு போடுங்க.

வெல்டிங்தான் கத்துக்கணும்னு ஆசைப்படுறவங்க காரை வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற காலேஜ்ல மாலை வகுப்பு சேருங்க. கார் பாடித் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தகட்டுல ஓட்டை விழாம நாலு அங்குலம் ஓட்ட வந்த பிறகு முடிவு பண்ணலாம்.

நடுவுல தம்பி அந்த 2,200 காரைச் சும்மா பார்த்துட்டு வர்றேன்னு போனார். காந்தத்தோட. இடது பக்க சில்லுல வச்சிருக்கார், கீழே விழுந்திருக்கு. இன்னொரு இடத்துல வச்சிருக்கார், அங்கேயும் விழுந்திருக்கு. விக்கிறவர், "பழைய காந்தமா இருக்கும்"னாராம்!

இப்போ மாசம் 28-ம் தேதி சம்பளம் வந்ததும் 333 பவுண்டு தானா ஐசாவுக்குப் போகுது. கார் கணக்குல ரெண்டு தவணை சேர்ந்திருக்கு. வசந்த காலத்துல பார்க்க மூணு விளம்பரம் அனுப்பியிருக்கார், மூணுலயும் பில் ஃபைல் இருக்கிறதா போட்டிருக்கு. அந்தப் பில்லையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்ததும் அதை எப்படிப் படிக்கிறதுன்னு ஒரு வீடியோ போடுறேன். உங்ககிட்டயும் இந்த மாதிரி ரெடி பண்ண வண்டி இருந்தா, நிஜமா ஆன செலவைக் கமென்ட்ல போடுங்க, வீட்டுல சொன்ன செலவை இல்லை.